மாசிக்காயில் பிறக்கும் கறுப்பு

நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய் கேட்டால், "வீட்ல கொழந்த பொறந்திருக்கா?" என்பதுதான் கடைக்காரரின் முதல் கேள்வியாக இருக்கும். பச்சிளங்குழந்தைக்கு உரைமருந்து இழைக்கிற வீடுகளில் ஜாதிக்காய், கடுக்காய், வசம்பு வரிசையில் மாசிக்காய்க்கும் ஓர் இடம் உண்டு. அதே சீட்டில் அன்னபேதியும் கருவேலம் பிசினும் இருந்தால் அவர் தலை நிமிர்ந்து பார்ப்பார். அன்னபேதி ரத்தசோகைக்குச் செந்தூரம் செய்கிற சரக்கு. பிசின் வேறு கணக்கு. மூன்றும் ஒருவர் பையில் சேருவது அபூர்வம்.

ஐரோப்பாவில் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக இந்த மூன்றையும் சேர்த்து வாங்கியவர்கள் பெரும்பாலும் மை காய்ச்சத்தான் வாங்கினார்கள். 4ஆம் நூற்றாண்டின் கிரேக்க பைபிளான கோடெக்ஸ் சினைடிகஸ், 1215இல் ஆங்கிலேய மன்னர் ஜான் முத்திரையிட்ட மேக்னா கார்ட்டா, லியனார்டோ டாவின்சியின் குறிப்பேடுகள், பாக் எழுதிய இசைப் பிரதிகள், அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் எல்லாம் இந்த மையின் குடும்பம்தான். ஆங்கிலத்தில் இதற்கு 'அயர்ன் கால்' மை என்று பெயர். இரும்பும் மாசிக்காயும் சேர்ந்த கறுப்பு.

அச்சு வந்து, பால்பாயின்ட் வந்து, கணினியும் வந்த பிறகு இந்த மையில் எழுதிய இடைக்கால ஐரோப்பிய எழுத்துக் கலையை யார் கற்கிறார்கள்? நிறையப் பேர் கற்கிறார்கள். வார இறுதி வகுப்புகள் நடக்கின்றன. இறகு சீவவும் மை காய்ச்சவும் தனிப் பயிலரங்குகள் உண்டு. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். விலை உயர்ந்த பெட்டி ஒன்றை வாங்கி, அதில் இருக்கும் மயிலிறகு மாதிரியான பேனாவை மையில் முக்கி, தங்கள் பெயரை கோதிக் எழுத்தில் எழுதப் பார்க்கிறார்கள். மை கொட்டுகிறது, தாள் கிழிகிறது, பெட்டி பரணுக்குப் போகிறது. இந்தக் கலைக்கு வேறு வாசல் இருக்கிறது. அதில் நுழைய இரண்டு பென்சில் போதும்.

கையெழுத்தும் தலையெழுத்தும்

'கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து சரியாக இருக்காது' என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இடைக்கால ஐரோப்பிய எழுத்துக் கலைக்கும் உங்கள் கையெழுத்துக்கும் சம்பந்தமே இல்லை. நாம் கையால் எழுதும்போது பேனா தாளை விட்டு எழாமல் ஓடும். அந்தக் கால மடாலய எழுத்தர் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனி இழுப்புகளாகச் சேர்த்தார். ஆங்கில 'ஓ' எழுத்து ஒரே சுழி கிடையாது. இடப்பக்க வளைவு மேலிருந்து கீழே ஓர் இழுப்பு, பேனாவை எடுத்து மறுபடி மேலே வைத்து வலப்பக்க வளைவு இன்னோர் இழுப்பு. இறகுப் பேனாவைக் கீழ்நோக்கி இழுக்கலாம். மேல்நோக்கித் தள்ளினால் அது தாளில் சிக்கி மையைத் தெறிக்கும். எழுத்தின் வடிவத்தைத் தீர்மானித்ததில் பாதி இந்த ஒரு சங்கடம்தான்.

மீதிப் பாதி, பேனா முனையின் அகலம். முனை கூராக இருக்காது. சின்ன உளிபோலத் தட்டையாக வெட்டப்பட்டிருக்கும். அந்தத் தட்டை முனையை ஒரே கோணத்தில் பிடித்துக்கொண்டு கையை நகர்த்தினால், ஒரு திசையில் பட்டையான கோடும் இன்னொரு திசையில் முடி மாதிரி மெல்லிய கோடும் தானாக விழும். அழுத்தவே தேவையில்லை.

இவ்வளவு எளிய விஷயத்தை ஐரோப்பா 19ஆம் நூற்றாண்டில் கிட்டத்தட்ட மறந்திருந்தது. பழைய எழுத்தைப் போல எழுத விரும்பியவர்கள் கூர்முனைப் பேனாவால் வெளிக்கோடு வரைந்து, உள்ளே கறுப்பை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். இதை மாற்றியவர் எட்வர்ட் ஜான்ஸ்டன். 1872இல் உருகுவேயில் பிறந்து, மருத்துவம் படிக்கப் போய், அதை விட்டுவிட்டு லண்டன் வந்து சேர்ந்தவர். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த பழைய கையெழுத்துப் பிரதிகளின் முன் உட்கார்ந்து, இந்தக் கோடு எந்தப் பேனாவில், எந்தக் கோணத்தில் விழுந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக் கண்டுபிடித்தார். அவருக்கு எந்தப் பிரதிகளைப் பார்க்க வேண்டும் என்று வழிகாட்டியவர் சிட்னி காக்கரெல். 1899இல் லண்டன் சென்ட்ரல் ஸ்கூலில் வகுப்பு எடுக்கத் தொடங்கிய ஜான்ஸ்டன், 1906இல் தன் பாடங்களைப் புத்தகமாக்கினார். இன்றைக்கும் கற்பவர்கள் அதைப் புரட்டுகிறார்கள். லண்டன் சுரங்க ரயில் நிலையங்களின் பெயர்ப் பலகைகளில் இருக்கும் எழுத்துருவும் 1916இல் அவர் வரைந்ததிலிருந்து வந்ததுதான். அந்த நகரத்தில் ரயில் ஏறிய தமிழர்கள் எல்லாரும் அவர் கைவேலையைப் படித்திருக்கிறார்கள்.

கற்பவர்களுக்கு அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த முன்மாதிரி, 10ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட ராம்சே சங்கீதப் புத்தகம். இப்போது அது பிரிட்டிஷ் லைப்ரரியில் 'ஹார்லி 2904' என்ற எண்ணில் இருக்கிறது. அதிலிருந்து ஜான்ஸ்டன் உருவாக்கிய எழுத்து முறைக்கு 'ஃபவுண்டேஷனல்' என்று பெயர். இதன் கணக்கு சுலபம். சின்ன எழுத்தின் உயரம் பேனா முனையின் அகலத்தைப் போல 4 மடங்கு. பேனாவின் கோணம் 30 பாகை.

பென்சில் கதைக்கு வருவோம். ஒரே உயரமுள்ள இரண்டு பென்சில்களைச் சேர்த்து, மேலும் கீழும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். இரண்டு கூர்களும் சேர்ந்து ஒரு தட்டை முனையின் இரண்டு ஓரங்கள் ஆகிவிடும். இதால் 'ஓ' எழுதினால் இரண்டு கோடுகளுக்கு நடுவில் எழுத்தின் எலும்புக்கூடு தெரியும். கோணம் சரியாக இருந்தால், கடிகார முகத்தில் 11 மணி இருக்கும் இடத்திலும் 5 மணி இருக்கும் இடத்திலும் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று தொடும். வேறு இடத்தில் தொட்டால் மணிக்கட்டு திரும்பிவிட்டது என்று அர்த்தம். பக்கத்தில் ஆசிரியர் நிற்கத் தேவையில்லை; பென்சிலே காட்டிக் கொடுத்துவிடும். மையில் எழுதும்போது இந்தத் தப்பு கண்ணுக்குத் தெரியாது. ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும்.

'ஓ'வும் 'என்'னும் கைக்கு வந்துவிட்டால் மற்ற எழுத்துகளில் பெரும்பாலானவை அவற்றின் பிள்ளைகள்தான். அதன் பிறகு தட்டை முனை உலோக நிப் வாங்கலாம். ஜெர்மனியின் பிராஸ், இங்கிலாந்தின் மிட்செல் நிப்கள் பெயர்பெற்றவை. நிப்புக்குப் பதில் பைலட் பேரலல் பேனா வாங்குகிறவர்களும் உண்டு. 1.5, 2.4, 3.8, 6 மில்லிமீட்டர் என்று அகலங்களில் கிடைக்கிறது. தொடங்குகிறவர்கள் அகலமானதையே எடுப்பது நல்லது. மெல்லிய நிப்பில் தப்பு ஒளிந்துகொள்ளும்.

எல்லாரும் ஆசைப்படும் கோதிக்

இடைக்காலம் என்றதும் மனத்தில் வருவது கறுப்பாக, நெருக்கமாக, கம்பி வேலி மாதிரி நிற்கும் கோதிக் எழுத்து. குட்டன்பர்க் 1450களில் அச்சடித்த 42 வரி பைபிளின் எழுத்தும் அதை ஒட்டியதுதான். அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவில் எழுத்துகள் ஒடுங்கத் தொடங்கியிருந்தன. பல்கலைக்கழகங்கள் வந்தன, புத்தகத் தேவை பெருகியது, எழுதப் பயன்பட்ட விலங்குத் தோலும் விலை கூடிய சரக்கு. ஒரு பக்கத்தில் நிறைய எழுத்தை அடைக்க வேண்டியிருந்தது.

அடைத்ததன் விலையைப் படிப்பவர்கள் கொடுத்தார்கள். இந்த எழுத்தில் 'ஐ' என்பது ஒரு செங்குத்துக் கோடு. 'என்', 'யு' இரண்டிரண்டு கோடுகள். 'எம்' மூன்று. லத்தீனில் 'மினிமும்' என்று எழுதினால் ஒரே மாதிரியான 15 கோடுகள் வரிசையாக நிற்கும். எங்கே ஓர் எழுத்து முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 'ஐ'யின் தலையில் சின்னக் கீற்று போடும் வழக்கம் பரவியது இந்தத் தொல்லையால்தான். இன்று நாம் வைக்கும் புள்ளி அதன் வாரிசு.

நேர்க்கோடுகள்தானே, இது சுலபம், இதிலேயே தொடங்கலாம் என்று சில ஆசிரியர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கோதிக்கில் கோட்டைவிட இடைவெளி முக்கியம். கோட்டின் பருமனும் கோடுகளுக்கு நடுவில் விடும் வெள்ளையும் ஒரே அளவாக இருந்தால்தான் பக்கம் நெய்த துணிபோலச் சீராகத் தெரியும். அந்தச் சீரைப் பார்க்கக் கண் பழக வேண்டும். கண்ணைப் பழக்க வட்ட எழுத்தைப் போல வேறு கிடையாது.

இறகு

சினிமாவில் எழுதுகிறவர் கையில் முழு இறகு ஆடிக்கொண்டிருக்கும். இடைக்கால ஓவியங்களில் எழுத்தர் கையில் இருப்பது பெரும்பாலும் வெறும் தண்டு. பக்கத்து மயிர்களை உரித்துவிடுவார்கள். கையில் இடிக்கும், கண்ணில் படும், வேலைக்கு உதவாது. அவரது இன்னொரு கையில் கத்தி இருக்கும். தோல் சுருண்டு எழும்பாமல் அமுக்கிப் பிடிக்கவும், தப்பாக எழுதியதைச் சுரண்டவும், மழுங்கிய முனையைச் சீவவும் அந்த ஒரு கத்திதான்.

அவர்கள் பயன்படுத்தியது பெரிய வாத்தின் சிறகு இறகு. அன்னத்தின் இறகும் உண்டு. நம் ஊரில் வான்கோழி வளர்ப்பவரைக் கேட்டால் கை நிறையக் கொடுப்பார். வான்கோழி இறகு இந்த வேலைக்கு நன்றாகவே ஒத்துழைக்கும். வலக்கைக்காரர்களுக்கு இடச்சிறகின் இறகு நல்லது. அதன் வளைவு கண்ணை மறைக்காமல் வெளியே போகும்.

பறித்த இறகு அப்படியே எழுதாது. நகம் மாதிரி மெத்தென்று இருக்கும். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் சூடான மணலில் தண்டின் நுனியைச் சில விநாடிகள் செருகி எடுத்தால் அது இறுகும். பால் நிறத்தில் இருந்த தண்டு கண்ணாடி மாதிரி தெளியும். மணல் அதிகம் சூடானால் பொரிந்து வளைந்துவிடும், குறைந்தால் இறுகாது. பிறகு மேல் தோலைக் கத்தியின் முதுகால் சுரண்டி, உள்ளே இருக்கும் சவ்வைக் கம்பியால் இழுத்து எடுக்க வேண்டும். நுனியைச் சரிவாக ஒரு வெட்டு. நடுவில் சின்னப் பிளவு. மை இறங்கும் வாய்க்கால் அது. இரண்டு பக்கமும் தோள் இறங்குவதுபோலச் சீவல். கடைசியாக, நுனியைக் கெட்டியான பலகையில் வைத்து நேராக அழுத்தி ஒரு வெட்டு. அந்தக் கடைசி வெட்டுதான் பேனா. அது பிசிறினால் கோடும் பிசிறும். மறுபடி முதலிலிருந்து சீவ வேண்டியதுதான்.

இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர்கள் மூங்கிலைச் சீவிக்கொள்ளலாம். நாணல் பேனா இறகுக்கும் மூத்தது.

மை காய்ச்சுதல்

மாசிக்காய் உண்மையில் காயே இல்லை. ஓக் மரத்தின் மொட்டில் ஒரு சின்னக் குளவி முட்டை வைக்கிறது. புழுவைச் சுற்றி மரம் ஓர் உருண்டையை வளர்க்கிறது. புழு அதைத் தின்று வளர்ந்து, குளவியாகித் துளை போட்டு வெளியே பறந்துவிடும். அந்த உருண்டை முழுக்கத் துவர்ப்பு. அதுதான் டானின். இடைக்கால மைக்காரர்கள் சிரியாவின் அலெப்போ பக்கத்திலிருந்து வந்த மாசிக்காயை உசத்தி என்றார்கள். குளவி வெளியேறும் முன் பறித்த, துளை இல்லாத, கனமான, கருநீலமோ பச்சையோ ஓடிய காயில்தான் சத்து அதிகம். கடையில் பொறுக்கி எடுக்க விடுவார்கள் என்றால் துளை இல்லாததாகப் பார்த்து எடுங்கள். அன்னபேதியும் வெளிர் பச்சைக் கட்டியாக இருக்க வேண்டும். மேலே பழுப்போ வெள்ளையோ பூத்திருந்தால் அது காற்றில் கெட்டுப்போன சரக்கு.

அளவு: மாசிக்காய் 40 கிராம், அன்னபேதி 20 கிராம், பிசின் 10 கிராம், தண்ணீர் 300 மில்லி. பழைய நூல்களில் அளவு ஆளுக்கு ஆள் மாறும். இன்று கற்பவர்களிடம் புழங்குவது இந்த 4, 2, 1, 30 கணக்கு. தண்ணீர் மழைநீரோ, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரோ நல்லது.

மாசிக்காயைக் கல்லுரலில் ஒன்றிரண்டாக இடியுங்கள். மாவாக வேண்டாம், வடிகட்ட முடியாது. தண்ணீரில் போட்டுக் கண்ணாடி ஜாடியில் ஒரு வாரம் ஊறட்டும். மேலே பூஞ்சணம் பூத்தால் கொட்டிவிடாதீர்கள். பூஞ்சணம் டானினை உடைத்து காலிக் அமிலமாக்கும். மை அதிகம் கறுக்க அது உதவி. அவசரக்காரர்கள் கொதிக்க வைப்பார்கள். இடைக்காலக் குறிப்புகளில் கொதிக்கும் நேரத்துக்குக் கடிகாரக் கணக்கு கிடையாது. இன்ன ஜெபத்தைச் சொல்லி முடிக்கும் வரை என்று இருக்கும். மடாலயத்தில் எல்லாருக்கும் தெரிந்த கடிகாரம் அதுதானே.

துணியில் வடிகட்டினால் தேநீர் நிறத்தில் ஒரு சாறு கிடைக்கும். அதில் அன்னபேதியைப் போட்டுக் கலக்குங்கள். பச்சைக் கட்டி கரைகிற இடத்திலிருந்து சாறு ஊதாவாகி, சாம்பலாகி, கறுப்பை நோக்கிப் போகும். பிசினைத் தனியாகக் கொஞ்சம் வெந்நீரில் ராத்திரி ஊறவைத்துக் கரைத்துக் கடைசியில் சேர்க்க வேண்டும். மை தாளில் பரவாமல் நிற்கவும், கறுப்புத் துகள் அடியில் தங்காமல் மிதக்கவும் பிசின்தான் காவல். பூஞ்சணம் தொடர்ந்து வராமலிருக்க இரண்டு கிராம்பைப் போட்டுவைப்பவர்கள் உண்டு.

இப்போது பேனாவைத் தொட்டு எழுதினால் ஏமாற்றமாக இருக்கும். கழுவிய சாம்பல் மாதிரி ஒரு வெளிறிய கோடு. பார்த்துக்கொண்டே இருங்கள். சில நிமிடங்களில் கோடு இருளும். மறுநாள் அட்டைக் கறுப்பாக இருக்கும். கரைசலில் இருக்கும் இரும்பு காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து மாறியதும், கரையக்கூடிய வெளிர் சேர்மம் கரையாத கறுப்பாகித் தாளின் இழைக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. விளக்குக் கரியையும் பிசினையும் குழைத்த மை தாளின் மேல் உட்கார்ந்திருக்கும். ஈரத் துணியால் துடைத்தால் போகும். இது போகாது. பத்திரம் எழுதுகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்? இங்கிலாந்தில் திருமணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட அண்மைக்காலம் வரை இந்த வகை மைதான் விதி. நம் பள்ளிக்காலத்து 'ப்ளூ பிளாக்' மையின் மூலமும் இதுவே. எழுதும்போது கண்ணுக்குத் தெரிவதற்காக நீலச் சாயம், நாள்பட நிற்பதற்காக இரும்புக் கறுப்பு.

இந்த வேதியியலை ரோமானியர்களும் பார்த்திருந்தார்கள். செம்பிலிருந்து எடுக்கும் பச்சைக் களிம்பில் அன்னபேதியைக் கலந்து விற்றவர்களைப் பிடிக்க, மாசிக்காய்ச் சாற்றில் நனைத்த பாப்பிரஸ் துண்டைப் பயன்படுத்தலாம் என்று முதல் நூற்றாண்டில் பிளினி எழுதிவைத்தார். கலப்படம் இருந்தால் துண்டு கறுக்கும். ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரிக் கலைஞர்கள் கடுக்காயும் பாலும் ஏற்றிய துணியில், துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த நீரால் கறுப்புக் கோடு இழுப்பதும் இதே துவர்ப்பும் இரும்பும் சேரும் வித்தைதான். மாசிக்காய் கிடைக்காத ஊரில் கடுக்காயில் மை காய்ச்சிப் பாருங்கள், அதிலும் கறுக்கும்.

மாசிக்காய் இல்லாமலும் ஐரோப்பாவில் மை இருந்தது. 12ஆம் நூற்றாண்டுத் துறவி தியோஃபிலஸ் முள்மரக் கிளைகளை இலை விடும் முன் வெட்டி, காயவைத்து, பட்டையைத் தட்டி எடுத்து, நாள்கணக்கில் ஊறவைத்துச் சுண்டக் காய்ச்சும் முறையை விவரமாக எழுதியிருக்கிறார். சுண்டிய குழம்பில் ஒயின் ஊற்றி, தோல் பையில் வெயிலில் உலர்த்தி, வேண்டும்போது கரைத்துக்கொள்ள வேண்டியது. மை காய்ச்சுவதை ஒரு நாள் வேலை என்று நினைப்பவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

ஒரு கண்டிப்பான வார்த்தை. அன்னபேதி குழந்தைகளுக்கு விஷம். இரும்புச் சத்து அளவு மீறி வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. மை காய்ச்சிய பாத்திரத்தைச் சமையலறைக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள், உரைமருந்துக் கல்லில் மாசிக்காயை இடிக்காதீர்கள். ஜாடியின் மேல் பெயர் எழுதி உயரத்தில் வையுங்கள். சாதாரண ஃபவுண்டன் பேனாவிலும் இதை ஊற்ற வேண்டாம். அடைத்துக்கொள்ளும், உலோகத்தை அரிக்கும். நிப்பில் எழுதினால் உடனே கழுவித் துடைத்துவிடுங்கள்.

தின்னும் மை, காட்டிக்கொடுக்கும் மை

உலோகத்தை அரிப்பது தாளை விடுமா? அன்னபேதி கறுப்பாகும்போது கந்தக அமிலமும் உண்டாகிறது. கணக்குக்கு மேல் அன்னபேதி போட்டிருந்தால் மிஞ்சிய இரும்பும் சேர்ந்து தாளின் நாரைத் துண்டு துண்டாக்குகிறது. எழுத்து பழுப்பாகும், பின்பக்கம் ஊறித் தெரியும், கடைசியில் எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை இருக்கும். பெர்லின் அரசு நூலகத்தில் இருக்கும் பாக்கின் கையெழுத்துப் பிரதிகள் இந்த அரிப்பில் சிக்கியவை. அவருடைய புகழ்பெற்ற பி மைனர் மாஸும் அதில் ஒன்று. 2000ஆம் ஆண்டை ஒட்டி அங்கே பல தாள்களை முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு ஏடாகப் பிரித்து, நடுவில் மெல்லிய உறுதியான தாளை வைத்து ஒட்டிக் காப்பாற்றினார்கள். ஒரே தாளை இரண்டாக உரிப்பது! நினைத்தாலே கை நடுங்குகிறது. தோலில் எழுதியவை இந்த அளவுக்குக் கெடவில்லை. பதப்படுத்தும்போது சேர்த்த சுண்ணாம்பு அமிலத்துக்கு மாற்றாக நிற்கிறது.

அந்த இரும்பே உதவிக்கும் வந்திருக்கிறது. 10ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸின் நூல்களைத் தோலில் படி எடுத்திருந்தார்கள். 1229இல் ஒருவர் அந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு, ஏடுகளைத் திருப்பி வைத்து, மேலே பிரார்த்தனைகளை எழுதிவிட்டார். தோல் அவ்வளவு அருமை. மறுபடி பயன்படுத்துவது அன்று சகஜம். போதாக்குறைக்கு 20ஆம் நூற்றாண்டில் யாரோ சில பக்கங்களில் போலி ஓவியங்களை வேறு வரைந்துவைத்தார்கள். 1998இல் அது நியூயார்க்கில் இருபது லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பால்டிமோர் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் ஆராய்ந்தபோது, அந்த ஓவியங்களுக்கு அடியில் இருந்ததைச் சாதாரணப் படங்களால் படிக்க முடியவில்லை. ஸ்டான்ஃபோர்டின் துகள் முடுக்கியில் இருந்து வந்த எக்ஸ் கதிரைப் பாய்ச்சினார்கள். சுரண்டிய பிறகும் தோலுக்குள் தங்கியிருந்த இரும்பு அணுக்கள் கதிர் பட்டு ஒளிர்ந்தன. ஆர்க்கிமிடீஸின் வரிகள் திரையில் தெரிந்தன.

எழுதியவர்கள்

இடைக்கால எழுத்தர் என்றதும் தலையில் வட்டமாக மழித்த ஆண் துறவிதான் நினைவுக்கு வருவார். ஜெர்மனியின் டால்ஹைம் மடாலயத்து மயானத்தில் கிடைத்த ஒரு பெண்ணின் பற்காரையில் நீலத் துகள்கள் இருந்தன. கி.பி. 1000க்கும் 1200க்கும் இடையில் இறந்தவர், நடுவயதைத் தாண்டியவர். அந்த நீலம் அன்று ஆப்கானிஸ்தானில் மட்டும் வெட்டி எடுத்த லாபிஸ் லசூலி. தங்கத்துக்கு நிகரான விலை. கையெழுத்துப் பிரதிகளுக்கு வண்ணம் தீட்டும்போது தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொண்டிருந்திருப்பார் என்பது 2019இல் வெளியான ஆய்வின் முடிவு. பெயர் தெரியாத அந்தக் கன்னியாஸ்திரீயின் கைவேலை எந்த நூலகத்தில் இருக்கிறதோ.

அவர்கள் புலம்பவும் செய்தார்கள். புத்தகத்தின் கடைசியில், முதுகு வலிக்கிறது, கண் மங்குகிறது, எழுதாதவனுக்கு இந்தப் பாடு தெரியாது என்ற தொனியில் எழுதிவைத்த எழுத்தர்கள் பலர். 1420ஐ ஒட்டி நெதர்லாந்தின் டெவென்டரில் ஒருவர் ராத்திரி திறந்துவைத்த ஏட்டில் பூனை மூத்திரம் போய்விட்டது. அவர் அந்த இடத்தைக் காலியாக விட்டு, பூனைப் படம் வரைந்து, சாபமும் எழுதிவைத்திருக்கிறார். மை உலரும் வரை ஏட்டைத் திறந்துவைப்பவர்கள் எல்லாருக்கும் இது பாடம்.

முதுகு வலிக்கு அவர்களிடமே மருந்தும் இருந்தது. பழைய ஓவியங்களில் எழுத்தரின் மேசை செங்குத்தாகச் சரிந்திருக்கும். மட்டமான மேசையில் இறகுப் பேனாவைப் பிடித்தால் மை ஒரேயடியாக இறங்கிவிடும். குனிந்து குனிந்து கழுத்தும் போகும். பழைய வரைபலகை ஒன்றை மேசை விளிம்பில் சாய்த்து மடியில் வைத்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும். தாளுக்கு நல்ல பாண்ட் பேப்பர் போதும். ஜெராக்ஸ் தாளில் மை நூல் நூலாகப் பரவும். தோலைப் பற்றித் தொடக்கத்தில் யோசிக்கவே வேண்டாம். பிரிட்டனில் அதைத் தயாரிக்க இன்று மிஞ்சியிருப்பது 1870இல் தொடங்கிய வில்லியம் கௌலி என்ற ஒரே நிறுவனம். கன்றுத்தோலில் அச்சிடப்பட்டுவந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றச் சட்டங்களும் 2017 முதல் தாளுக்கு மாறிவிட்டன. அட்டை மட்டும்தான் இப்போது தோல்.

பெரிய அளவில் இந்தக் கலை இன்னும் நடக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள செயின்ட் ஜான்ஸ் மடாலயம் 1998இல் முழு பைபிளையும் கையால் எழுதித் தரும்படி டொனால்ட் ஜாக்சனிடம் கேட்டது. பிரிட்டிஷ் அரசின் ஆவணங்களை எழுதிவந்தவர் அவர். வேல்ஸில் தன் பட்டறையில் ஒரு குழுவோடு உட்கார்ந்து, வாத்து, வான்கோழி, அன்னம் ஆகியவற்றின் இறகுகளால் கன்றுத்தோலில் எழுதி 2011இல் முடித்தார். மைக்கு அவர் எடுத்தது மாசிக்காயை அல்ல. 19ஆம் நூற்றாண்டில் செய்த சீனக் கரிமைக் கட்டிகளை. காலத்துக்கும் நிற்க வேண்டிய வேலைக்குக் கரிமைதான் பத்திரம் என்று எனக்கும் தோன்றுகிறது. மாசிக்காய் மை பழக, அனுபவிக்க, அந்தக் கறுப்பு கண் முன்னால் பிறப்பதைப் பார்க்க.

இதைப் படித்துவிட்டு யாரும் மை காய்ச்சாமல் போனாலும் ஒரு காரியம் செய்யலாம். பிரிட்டிஷ் காலத்துக் கிரயப் பத்திரமோ, தாத்தாவின் கடிதமோ உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்து, அதன் எழுத்து பழுப்பாகிப் பின்பக்கமும் தெரிந்தால், அது அநேகமாக இந்த வகை மைதான். ஈரத் துணியால் துடைக்காதீர்கள். ஈரம் பட்டால் அரிப்பு பக்கத்திலும் பரவும். லேமினேட் செய்யக் கொடுக்காதீர்கள். பிறகு எந்த நிபுணராலும் அதைப் பிரித்துக் காப்பாற்றுவது கடினம். மடிப்பை மறுபடி மறுபடி விரிக்காமல், ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிட்டு, அமிலமில்லாத தாளுறையில் போட்டு, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் தட்டையாக வையுங்கள்.